ஓர் ஆங்கிலேய மாளிகை கைமாறிய கதை: கிளேர்மாண்ட்

எஸ்டேட் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு வால்பாறையும் நுவரெலியாவும் நினைவுக்கு வரும். தேயிலைச் செடிகளும் லயன் வீடுகளும் கண்முன் நிற்கும். இங்கிலாந்தில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே எஸ்டேட் என்பது ஒரு பெரிய மாளிகையையும், அதைச் சுற்றியுள்ள பூங்காவையும், அதற்கு அப்பால் விரிந்து கிடக்கும் குத்தகைப் பண்ணைகள், காடுகள், குடியானவர் வீடுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கும். சில எஸ்டேட்டுகளில் ஊர்த் தேவாலயத்துக்குப் பாதிரியாரை நியமிக்கும் உரிமைகூட நிலத்தோடு சேர்ந்தே வந்தது. படங்களில் நாம் பார்க்கும் தூண்கள் நிறைந்த மாளிகை இந்த முழு அமைப்பின் ஒரு சிறு பகுதிதான்.

இந்த அமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு போதும்: வீடு செலவு, நிலம் வரவு. மாளிகையின் கூரையைப் பழுதுபார்க்கவும், பணியாட்களுக்குச் சம்பளம் கொடுக்கவும், குதிரைகளுக்குத் தீனி போடவும், விருந்து வைக்கவும் ஆன பணம் முழுவதும் பண்ணைகளின் குத்தகையிலிருந்து வந்தது. மார்ச் 25, செப்டம்பர் 29 ஆகிய நாட்கள் குத்தகை செலுத்தும் முக்கியத் தவணை நாட்களாக இருந்தன. அந்த நாட்களில் குத்தகைதாரர்கள் எஸ்டேட் மேலாளரிடம் பணத்தைக் கொண்டுவந்து கட்டினார்கள். நிலம் பணத்தை மட்டும் தரவில்லை. நிலம் உள்ளவருக்கே வாக்குரிமையும் செல்வாக்கும் இருந்த காலம் அது. ஆகவே நாடாளுமன்றத்தில் ஓர் இடமோ இரண்டு இடங்களோ அவர் கைக்குள் இருந்தன. பணம் சம்பாதித்தவர்கள் அதை நிலத்தில் போட்டு, நிலத்தின் நடுவே மாளிகை எழுப்பியதற்குக் காரணம் இதுதான்.

அப்படி வாங்கிய எஸ்டேட்டைத் தலைமுறை தலைமுறையாகச் சிதறாமல் காப்பதற்கு ஆங்கிலேயர்கள் இரண்டு ஏற்பாடுகளைக் கையாண்டார்கள். முதலாவது, நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும் வழக்கம். இரண்டாவது, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பரவலான, செட்டில்மெண்ட் எனப்பட்ட பத்திர முறை. நம் பத்திரப்பதிவு அலுவலகங்களில் செட்டில்மெண்ட் பத்திரம் என்ற பெயரும், ஆயுட்கால அனுபவ உரிமை என்ற ஏற்பாடும் புழங்குவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். மூத்த மகனுக்குத் திருமணம் நிச்சயமாகும்போது குடும்ப வழக்கறிஞர்கள் ஒரு பத்திரம் எழுதுவார்கள். அதன்படி தந்தைக்கு அவர் ஆயுள் வரை அனுபவ உரிமை. அவருக்குப் பின் மகனுக்கு அவர் ஆயுள் வரை அனுபவ உரிமை. அதன்பின் இன்னும் பிறக்காத பேரனுக்கு முழு உரிமை. விதவையாகும் மருமகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையும், இளைய மகன்களுக்கும் மகள்களுக்கும் தலைக்கு இவ்வளவு என்ற பணமும் அதே பத்திரத்தில் ஒதுக்கப்படும். பேரன் வளர்ந்து திருமணத்துக்கு நிற்கும்போது அவனையும் இணங்கவைத்து மறுபடி ஒரு பத்திரம் எழுதப்படும். இவ்வாறு மாளிகையில் வாழ்ந்தவர் ஊருக்கெல்லாம் பெரிய நிலக்கிழாராக இருந்தும், சட்டப்படி தன் நிலத்தை நினைத்தபடி விற்க முடியாத ஓர் ஆயுட்கால அனுபவதாரராகவே இருந்தார்.

இந்தப் பூட்டு இருந்ததால்தான் சில குடும்பங்கள் ஒரே மாளிகையில் நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் நிலைத்தன. ஆனால் எல்லா எஸ்டேட்டுகளும் அப்படி இருந்துவிடவில்லை. வாரிசு இல்லாமல் போன வீடுகளும் கடனில் மூழ்கிய வீடுகளும் சந்தைக்கு வந்தன. அப்போது அவற்றை வாங்கக் கையில் ரொக்கத்தோடு யார் வந்து நின்றார்கள் என்று பார்த்தால், அந்தந்தக் காலத்தில் இங்கிலாந்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். அதற்கு நான் தேர்ந்தெடுக்கும் எடுத்துக்காட்டு, லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே மாவட்டத்தில் ஈஷர் என்ற ஊரை ஒட்டியுள்ள கிளேர்மாண்ட். தமிழ் வாசகர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. அது போகப் போகத் தெரியும்.

1708ஆம் ஆண்டையொட்டி, நாடக ஆசிரியரும் கட்டடக் கலைஞருமான ஜான் வான்ப்ரூ அங்கே தனக்கென ஒரு சிறிய வீட்டைக் கட்டிக்கொண்டார். பிளென்ஹெய்ம் அரண்மனையை வடிவமைத்தவர் அவரே. 1714இல் அந்த வீட்டை அவர் தாமஸ் பெல்ஹாம்-ஹோல்ஸ் என்ற இளம் பிரபுவுக்கு விற்றார். கிளேர் என்ற ஏர்ல் பட்டம் பெற்றிருந்த அந்தப் பிரபு, குன்றைக் குறிக்கும் மாண்ட் என்ற சொல்லைத் தன் பட்டத்தோடு சேர்த்து இடத்துக்குக் கிளேர்மாண்ட் என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே அவர் நியூகாசில் டியூக் ஆனார். பிற்காலத்தில் இருமுறை பிரதமராகவும் இருந்தார். அவருடைய பணம் பழைய வழிப் பணம்: பல மாவட்டங்களில் பரம்பரையாகக் கிடைத்த நிலங்களின் குத்தகை. அதைத் தேர்தல்களிலும் விருந்துகளிலும் கட்டடங்களிலும் தாராளமாகக் கரைத்தார். வான்ப்ரூவையே மீண்டும் அழைத்து வீட்டை விரிவாக்கி, குன்றின் உச்சியில் நான்கு மூலைகளிலும் சிறு கோபுரங்கள் கொண்ட பெல்வெடியர் என்ற செங்கல் கட்டடத்தையும் எழுப்பச் செய்தார்.

அவர் காலத்துத் தோட்டத்தில் இருந்த ஒன்றை அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. 1720களில் சார்லஸ் பிரிட்ஜ்மேன் ஏரியின் மேல் உள்ள சரிவை வெட்டிப் புல்லால் ஆன ஓர் அரைவட்ட அரங்கை அமைத்தார். கல் இல்லை, செங்கல் இல்லை; மண்ணைப் படிப்படியாகச் செதுக்கி மேலே புல் வேய்ந்ததுதான் முழு அமைப்பும். மேல்பாதிப் படிகள் உட்பக்கமாகக் குழிந்து வளைகின்றன. கீழ்ப்பாதிப் படிகள் வெளிப்பக்கமாகப் பிதுங்கி வளைகின்றன. இரண்டும் சந்திக்கும் நடுவில் வட்டமான ஒரு சமதளம். ஏரிக்கரையில் நின்று நிமிர்ந்து பார்த்தால், ஒரு குன்றையே யாரோ மடிப்பு மடிப்பாக மடித்து வைத்ததுபோல் இருக்கும். நாடகம் நடத்துவது அதன் முதன்மை நோக்கம் அல்ல. பார்ப்பதற்கும் உலவுவதற்கும் அமைத்தது அது. பின்னால் வந்த வில்லியம் கென்ட் ஏரியை இயற்கையான வடிவுக்கு மாற்றி, நடுத்தீவில் ஒரு மண்டபம் கட்டினார். தோட்ட எல்லையில் சுவர் எழுப்பாமல், பள்ளம் தோண்டி அதன் உட்பக்கத்தில் சுவரை மறைத்தார். மேயும் மாடுகள் தோட்டத்துக்குள் வர முடியாது. வீட்டுக்காரர் கண்ணுக்கு எல்லையே இல்லாமல் நிலம் விரிந்து தெரியும். சொத்துரிமையைக் கண்ணிலிருந்து மறைத்துக் காக்கும் இந்த உத்தி அந்தக் காலத்தின் மனத்தை நன்றாகவே காட்டுகிறது.

நியூகாசிலுக்குப் பிள்ளைகள் இல்லை. 1768இல் அவர் இறந்ததும் அவருடைய விதவை கிளேர்மாண்டை விற்றார். வாங்கியவர் ராபர்ட் கிளைவ்.

1744இல் சென்னைக் கோட்டையில் எழுத்தர் வேலைக்கு வந்து இறங்கிய அதே கிளைவ்தான். 1751இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, ஏறத்தாழ ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கியவர். 1753இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கெலினை மணந்தவர். அவருக்குப் பெயர் கிடைத்தது நம் மண்ணில். பெரும்பணம் கிடைத்தது வங்காளத்தில். 1757 பிளாசிப் போருக்குப் பின் நவாப் ஆக்கப்பட்ட மீர் ஜாபர் கிளைவுக்கு 2,34,000 பவுண்டு கொடுத்ததோடு, ஆண்டுக்கு ஏறத்தாழ 27,000 பவுண்டு வரும் ஒரு ஜாகீரையும் வழங்கினார். அதாவது, வங்காள விவசாயி கட்டிய நிலவரியின் ஒரு பகுதி, ஆண்டு தவறாமல் ஓர் ஆங்கிலேயரின் கணக்கில் வரவாக விழுந்தது. அந்தப் பணத்தை அவர் பழைய பிரபுக்கள் போட்ட அதே இடத்தில் போட்டார். ஷ்ரோப்ஷயரில் வால்காட் எஸ்டேட்டை 1763இல் வாங்கினார். நிலத்தின் மூலம் நாடாளுமன்ற இடங்களையும் கைக்குள் கொண்டுவந்தார். லண்டனுக்கு அருகே ஒரு மாளிகை தேவைப்பட்டபோது கிளேர்மாண்டை வாங்கினார். அதன் விலை 25,000 பவுண்டு என்று சொல்லப்படுகிறது.

வான்ப்ரூ கட்டிய வீடு தாழ்வான, ஈரம் நிறைந்த இடத்தில் இருந்ததால் கிளைவ் அதை இடித்துத் தள்ளினார். கேபபிலிட்டி பிரவுன் என்ற பட்டப்பெயரால் புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் லான்சலாட் பிரவுனும், அவருடைய மருமகனாகப் போகும் ஹென்றி ஹாலண்டும் மேட்டு நிலத்தில் வெளிர்நிறச் செங்கல்லால் புதிய மாளிகையைக் கட்டினார்கள். அகன்ற படிக்கட்டு, அதன் மேல் உயர்ந்த கொரிந்தியத் தூண்கள், அவற்றின் மேல் முக்கோண முகப்பு. செலவு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியதாகக் கணக்கிடுகிறார்கள். இங்கே இரண்டு தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை: கிளேர்மாண்ட் கிளைவின் கைக்கு வந்து, புதிய மாளிகைக்குத் திட்டம் தீட்டப்பட்ட 1769, 1770 ஆண்டுகளில்தான் வங்காளத்தில் பெரும்பஞ்சம் பரவி, லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அப்போது கிளைவ் இந்தியாவில் இல்லை. ஆனால் 1765இல் அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பெற்றுத் தந்த வரிவசூல் உரிமையின்படி வரி பஞ்சத்தின்போதும் வசூலாகிக்கொண்டுதான் இருந்தது. ஈஷர் பக்கத்து மக்கள் அந்த மாளிகை எழும்பியதை அச்சத்தோடு பார்த்தார்கள் என்றும், சாத்தான் வந்து தூக்கிக்கொண்டு போகாமலிருக்கத்தான் சுவர்களை இவ்வளவு கனமாகக் கட்டச் சொல்லியிருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள் என்றும் பிற்காலத்தில் ஒரு கதை வழங்கியது. கதை எப்படியிருந்தாலும், அந்த வீட்டில் அவர் நிலையாக வாழவில்லை. பணிகள் முடியும் தறுவாயில், 1774 நவம்பரில், லண்டனில் உள்ள தன் வீட்டில் இறந்தார்.

இந்தியப் பணத்தோடு திரும்பியவர்களை ஆங்கிலேயர்கள் நபாப் என்று அழைத்தார்கள். நவாப் என்ற சொல்லின் திரிபு அது. கிளைவ் அவர்களில் மிகப் பெரியவர், ஆனால் ஒருவர் மட்டுமல்லர். ஹார்ட்ஃபர்ட்ஷயரில் உள்ள வுட்ஹால் பார்க் மாளிகையைக் கட்டுவித்த தாமஸ் ரம்போல்டு 1778 முதல் 1780 வரை சென்னை ஆளுநராக இருந்தவர். 1790களில் அதை வாங்கிய பால் பென்ஃபீல்டு, ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தவர்; அந்தக் கடனுக்கு ஈடாகத் தஞ்சாவூரின் விளைச்சல் வருவாயையே தனக்கு எழுதிக் கொடுத்திருப்பதாக உரிமை கொண்டாடியவர். காவிரிப் பாசனத்தில் விளைந்த நெல்லுக்கும் ஹார்ட்ஃபர்ட்ஷயர் பூங்காவுக்கும் இடையே இருந்த கோடு அவ்வளவு நேரானது. இதைத்தான் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டும் என்று முன்பே சொன்னேன்.

கிளைவின் மூத்த மகன் எட்வர்டு 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராக இருந்தார்; கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் மருது சகோதரர்கள் வீழ்ந்ததும் அவர் காலத்தில்தான். ஆனால் கிளேர்மாண்ட் அந்தக் குடும்பத்தில் தங்கவில்லை. கட்டிய செலவில் ஒரு பகுதிக்கே அது விற்கப்பட்டு, இரண்டு பிரபுக்களின் கைமாறி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் ரோஸ் எல்லிஸ் என்பவரிடம் வந்தது. எல்லிஸின் பணம் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. அங்கே உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். நாடாளுமன்றத்தில் தோட்ட உரிமையாளர்களின் நலனுக்காகப் பேசிய முன்னணி உறுப்பினர் அவர்.

1816இல் வாங்கியவர் தனி மனிதர் அல்லர். நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிக் கிளேர்மாண்டை நாட்டுக்காக வாங்கியது. பட்டத்து இளவரசரின் ஒரே மகளான சார்லட்டும், அவர் மணந்த ஜெர்மானிய இளவரசர் லியோபோல்டும் வாழ்வதற்காக அது வாங்கப்பட்டது. ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. 1817 நவம்பரில், இறந்தே பிறந்த ஓர் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்த சில மணி நேரத்தில், சார்லட் அந்த வீட்டில் இறந்தார். அவருக்கு வயது 21. ஏரிக்கு மேல் ஒரு சிறு தேநீர் மண்டபம் கட்ட அவரும் கணவரும் திட்டமிட்டிருந்தார்கள். அது அவருடைய நினைவு மண்டபமாகக் கட்டி முடிக்கப்பட்டது. அரியணைக்கு வாரிசு இல்லாமல் போனதால் அவருடைய சிற்றப்பன்மார்கள் அவசரமாக மணம் செய்துகொள்ள, 1819இல் விக்டோரியா பிறந்தார்.

ஆயுட்கால உரிமை என்றால் என்ன என்பதைக் கிளேர்மாண்ட் இங்கே மிகத் தெளிவாகக் காட்டுகிறது. மனைவி இறந்த பின்னும் லியோபோல்டுக்கு அவர் ஆயுள் வரை அந்த வீடு உண்டு. 1831இல் அவர் பெல்ஜியத்தின் மன்னராகிப் போய்விட்டார். ஆனாலும் இங்கிலாந்தில் உள்ள வீட்டின் அனுபவ உரிமை 1865இல் அவர் இறக்கும் வரை அவரிடமே இருந்தது. விற்க முடியாது, ஆனால் யாரையும் தங்கவைக்கலாம். 1848 புரட்சியில் பிரான்சைவிட்டுத் தப்பியோடி வந்த மன்னர் லூயி ஃபிலிப், லியோபோல்டின் இரண்டாம் மனைவியின் தந்தை. மாமனாருக்கு மருமகன் கொடுத்த அடைக்கலமாகக் கிளேர்மாண்ட் அமைந்தது. 1850இல் அவர் அங்கேயே இறந்தார். பிறகு வீடு விக்டோரியா அரசியிடம் வந்தது. 1882இல் தன் கடைசி மகன் லியோபோல்டு, ஆல்பனி டியூக், மணம் செய்துகொண்டபோது அரசி அதை அவருக்காக விலைக்கே வாங்கினார். இரண்டே ஆண்டில் அந்த மகனும் இறந்தார். அவருடைய மனைவி ஹெலனா கிளேர்மாண்டில் தொடர்ந்து வாழ்ந்தார்.

அரச குடும்பத்தின் நிழலில் கிளேர்மாண்ட் அமைதியாக இருந்த அந்த ஆண்டுகளில், மற்ற எஸ்டேட்டுகளின் அடித்தளம் ஆட்டம் கண்டிருந்தது. 1870களிலிருந்து அமெரிக்கக் கோதுமை ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் மலிவாக வந்து குவிந்தது. தானிய விலை சரிந்தது. குத்தகைதாரர்கள் பழைய தொகையைக் கட்ட முடியாமல் தவித்தார்கள். வரவு குறைந்தாலும் வீட்டுச் செலவு குறையவில்லை. 1882ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஆயுட்கால அனுபவதாரர்களும் நிலத்தை விற்கலாம் என்று பழைய பூட்டைத் திறந்துவிட்டது. விற்ற பணம் மட்டும் அறங்காவலர்களிடம் இருக்க வேண்டும். 1894இல் அரசு சொத்துகளின் மீது புதிய வடிவில் மரண வரி விதித்தது; அதன் உச்ச விகிதம் அப்போது 8 விழுக்காடு. 1919இல் அது 40 விழுக்காடாகவும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் 80 விழுக்காடாகவும் ஏறியது. முதல் உலகப் போரில் தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்த குடும்பங்கள் பெரும் நெருக்கடியில் சிக்கின. போர் முடிந்த உடனேயே நில விற்பனை அலை வீசியது. வாங்கியவர்களில் பலர் அதே நிலத்தை உழுதுகொண்டிருந்த குத்தகைதாரர்கள். நிலம் போன பின் மாளிகை மட்டும் மிஞ்சியது. வரவு இல்லாமல் செலவு மட்டும் நின்றது.

கிளேர்மாண்டை வீழ்த்தியது வரி அல்ல, போர். ஹெலனாவின் ஒரே மகன் சார்லஸ் எட்வர்டு கிளேர்மாண்டில் பிறந்தவர்; ஆனால் 16 வயதில் ஜெர்மனியில் சாக்ஸ்-கோபர்க்-கோத்தாவின் டியூக் ஆக்கப்பட்டு அங்கேயே வளர்ந்தார். முதல் உலகப் போரில் அவர் ஜெர்மனியின் பக்கம் நின்றார். 1919இல் அவருடைய பிரிட்டிஷ் பட்டங்கள் பறிக்கப்பட்டன. 1922இல் தாய் இறந்தபோது வீடு அவருக்குப் போயிருக்க வேண்டும். அரசு அதை அனுமதிக்காமல் கைப்பற்றி விற்றுவிட்டது. குனார்டு கப்பல் நிறுவனத்தின் இயக்குநர் வில்லியம் காரி வாங்கினார். அவருக்குப் பின் ஒரு ஜெர்மானிய நிதியாளர் வாங்கினார். நிலம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு வீட்டு மனைகளாக விற்கப்பட்டது. சார்லட்டின் நினைவு மண்டபம் 1920களில் இடிக்கப்பட்டது. இன்று அதன் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. 1930இல் மாளிகையே ஆள் இல்லாமல், இடிப்பதற்குக் குறிக்கப்பட்டுக் கிடந்தது.

அப்படிக் குறிக்கப்பட்ட பெரும்பாலான வீடுகள் பிழைக்கவில்லை. 1974இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நடந்த ஒரு கண்காட்சி, அதற்கு முந்தைய நூறாண்டுகளில் அழிந்துபோன ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகளை மக்கள் முன் வைத்தது. கிளேர்மாண்டைக் காப்பாற்றியது ஒரு பள்ளி. அதன் நிர்வாகிகள் மாளிகையையும், குதிரை லாயங்களையும், பெல்வெடியரையும், சுற்றியுள்ள 30 ஏக்கரையும் வாங்கினார்கள். கிளைவின் விருந்து அறைகளில் பிள்ளைகள் பாடம் படித்தார்கள்; இன்றும் அங்கே பள்ளி நடக்கிறது.

தோட்டம் வேறு வழியில் பிழைத்தது. 1895இல் தொடங்கப்பட்ட தேசிய அறக்கட்டளை என்ற அமைப்பு முதலில் இயற்கை அழகுள்ள திறந்த வெளிகளையும் சிறு பழங்கட்டடங்களையும் காப்பதிலேயே கவனம் செலுத்தியது. 1937இல் வந்த சட்டம், மாளிகைகளையும் அவற்றின் பராமரிப்புக்கான நிலத்தையும் சேர்த்து ஏற்க அதற்கு வழி செய்தது. நன்கொடையாளர் குடும்பம் தொடர்ந்து அங்கே குடியிருக்கலாம். 1940இல் லோதியன் பிரபு தன் பிளிக்ளிங் மாளிகையை உயிலின் வழியாக அந்த அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றது இத்திட்டத்தின் முதல் பெரிய நிகழ்வு. அறக்கட்டளை ஒரு சொத்தை விற்க முடியாதது என்று அறிவித்துவிட்டால், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இன்றி அது கைமாறாது. இருநூறு ஆண்டுகளாக ஒவ்வொரு விலைக்கும் இடம்கொடுத்த கிளேர்மாண்டில், 1949இல் அறக்கட்டளையிடம் வந்த ஏறத்தாழ 50 ஏக்கர் தோட்டத்துக்கு இவ்வாறு புதிய உரிமையாளர் அமைந்தார். அப்போது புல் அரங்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு மரங்களும் ரோடோடெண்ட்ரான் புதர்களும் மூடியிருந்தன. 1970களில் அவற்றை வெட்டி அகற்றியபோது, 250 ஆண்டுப் பழைய மண் மடிப்புகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன.

இப்போது அறக்கட்டளையின் புல்வெளியில் நின்று குன்றை அண்ணாந்து பார்த்தால், வான்ப்ரூவின் பெல்வெடியர் உச்சியில் தெரிகிறது. கீழே இருந்து பார்ப்பதற்காகவே அது அங்கே எழுப்பப்பட்டது. ஆனால் புல்வெளி அறக்கட்டளைக்குச் சொந்தம், கோபுரம் பள்ளிக்குச் சொந்தம். ஒரே காட்சியாக அமைக்கப்பட்ட அந்தச் சரிவின் குறுக்கே இரண்டு பத்திரங்களின் எல்லை போகிறது.